பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்

ஜூலை 9, வியாழன்.

இன்றைய தவறு: பதினோராம் படுக்கைக்காரரைப் பன்னிரண்டாம் படுக்கைக்காரர் என்று நினைத்து ஆறுதல் சொல்லிவிட்டேன். ஸ்கேன் முடிவு மோசமாக வந்திருந்தது பன்னிரண்டாமவருக்கு. பதினோராமவர் காலில் சீழ் எடுக்க வந்தவர், சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டியவர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "தைரியமா இருங்க, நாங்கல்லாம் இருக்கோம்" என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அதைக் கழற்றிவிட்டு மறுபடி கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர். "பரவாயில்ல டாக்டரம்மா, என்னைக்காவது தேவைப்படும், வச்சுக்கறேன்" என்றார்.

நாளுக்கு ஒரு தவறை எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு மாலை வகுப்பில் வந்தது. நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் வகுப்பு அது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. வாத்தியாரை நாங்கள் பெல் சார் என்போம். ஏதோ கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். மருத்துவமனைக்குள் அவர் போனது மூலத்துக்காக ஒரே ஒரு முறை. ஆனாலும் டாக்டர்களை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்பது தனக்குத் தெரியும் என்று அவர் நம்பினார். நாங்களும் பணம் கட்டி நம்பினோம்.

அவர் மேஜையில் ஒரு மணி இருக்கும், ஓட்டல் வரவேற்பில் தட்டுவார்களே, அந்த மாதிரி. யாராவது "தெரியாது" என்றால் டிங் என்று ஒரு தட்டு. "டாக்டர் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்தா நோயாளி எழுந்து ஓடிடுவான். வாயில வர்றதை அழகா சொல்லு. அறிவு பின்னால மெதுவா வந்து சேந்துக்கும்" என்பார்.

இன்று எழுத வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மதியம் சின்னவள் வார்டுக்கு வந்தாள். அவளைப் பற்றி இந்த நோட்டில் இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். தவறு என்று சொல்ல எதுவும் இல்லாததால் எழுதாமல் விட்டிருப்பேன். இருந்தாலும் முறையாக ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. எழுதினால்தான் எனக்கு எதுவும் விளங்கும்.

சின்னவள் என் சித்தி மகள். குடும்பத்தில் நான் பெரியவள், அவள் சின்னவள். சொந்தப் பெயர் சொல்லி எங்களைக் கூப்பிடுபவர்கள் தபால்காரர்கள் மட்டும்தான். டாக்டர் படிப்பு முடிந்ததும் அவள் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், பொது மருத்துவத் துறையில், ரெசிடென்ட் இடத்துக்கு விண்ணப்பிக்க வந்திருந்தாள். மேற்படிப்பும் படித்துக்கொண்டு வார்டையும் பார்த்துக்கொள்ளும் வேலை அது. நானும் அதே இடத்துக்குத்தான் விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன், மூன்றாவது முறையாக.

"அக்கா இருக்கா, உனக்கென்ன கவலை? அவளுக்கு அந்த ஆஸ்பத்திரியில எல்லா வாசலும் தெரியும்" என்றாள் சித்தி போனில்.

"வெளிய வர்ற வாசல் நல்லாவே தெரியும்" என்றாள் என் அம்மா.

அம்மா தமாஷாகத்தான் சொன்னாள். அதற்காக எனக்கு வருத்தமில்லை. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

முந்தைய இரண்டு முறையும் நான் ஏன் விழுந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். முதல் முறை துறைத் தலைவர் என்னிடம் கேட்டார்: "மண்ணீரல் வீங்கினவங்களுக்கு இடது காது மடலை அழுத்தினா வலது கட்டைவிரல் துடிக்கும். அதைப் பத்திச் சொல்லுங்க." வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருக்கும், குரலை உயர்த்தவே உயர்த்தாத அம்மா அவர். நான் சொன்னேன். நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று தாளில் வரைந்தும் காட்டினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்து "அழகா வரையறீங்க" என்றார். இரண்டாம் முறை, ஒரு பக்க முழங்கால் மட்டும் வியர்க்கும் இதய நோய். அதற்கு நான் சிகிச்சையும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு நூலகத்தில் உட்கார்ந்து இரண்டையும் தேடினேன். எந்தப் புத்தகத்திலும் இல்லை. காது மடல் கிடைக்காதபோது என் தேடல் சரியில்லை என்று நினைத்தேன். முழங்காலும் கிடைக்காதபோதுதான் மெதுவாகப் புரிந்தது. அந்த அம்மா அவற்றைத் தானே கட்டிவிட்டிருக்கிறார். அவர் காத்திருந்தது ஒரே பதிலுக்கு. "தெரியாது." அதைச் சொல்லக்கூடிய ஆளைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெல் சாரிடம் சொன்னால் அவர் மணியை என்ன செய்வார் என்று தோன்றியது. பாவம்.

சின்னவளையும் மாலை வகுப்பில் சேர்த்துவிட்டேன். முதல் நாளே பெல் சார் அவளை எழுப்பி ஏதோ கேட்டார். என்ன கேள்வி என்று மறந்துவிட்டது, பதில் மறக்கவில்லை. அவள் கொஞ்சம்கூடத் தயங்காமல், கடையில் இன்ன சோப்பு இல்லை என்று சொல்வதுபோல், "தெரியலை சார். பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

டிங்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுத்த நாள் வந்து உட்காரும்முன் பதிலையும் சொன்னாள். பெல் சார் கேள்வியையே மறந்துவிட்டிருந்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ரெசிடென்ட் இடம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. அது தன் வாயில் இருப்பது அவளுக்கே தெரியவில்லை.

இதற்கு மறுநாள் நாங்கள் இருவரும் துறை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்கப் போனோம். அங்கே விண்ணப்பம் வாங்குகிற அக்கா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சின்னவள் அப்போது வெளியே வராந்தாவில், வழி தெரியாத ஒரு பெரியவரைக் கண் பிரிவு வரை கொண்டுபோய் விடப் போயிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே விலாசமா?"

"ஆமாக்கா. என் தங்கச்சி."

"அப்ப நீ, இல்லன்னா அவ. ரெண்டு பேரை எடுக்க மாட்டாங்க."

"அப்படி எங்கயும் போடலையேக்கா."

"போட்டா கேள்வி கேப்பீங்க. ஒரு தடவை அண்ணன் தம்பி ரெண்டு பேரை எடுத்தாங்க. அவங்க மாமாவுக்கு மூணாவது கல்யாணம். ரெண்டு பேரும் ஒண்ணா லீவ் போட்டுட்டுப் போயிட்டாங்க. வார்டுல ஆளில்ல. தலைவரே வந்து ரத்தம் எடுத்தாங்க. எடுத்து எத்தனை வருஷமோ, நரம்பு கிடைக்காம ஒருத்தரைச் சல்லடை ஆக்கிட்டாங்க. அன்னையிலேர்ந்து ஒரு வீட்டுக்கு ஒருத்தர்."

முறையாக யோசித்தால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த மாமாதான் காரணம். இரண்டோடு நிறுத்தியிருந்தால் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்திருக்கும்.

சின்னவள் திரும்பி வந்து "என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டாள். "கையெழுத்து சரியா இருக்கான்னு பாத்தாங்க" என்றேன்.

விஷயத்தை அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். அதையும் யோசித்தேன். சொல்லியிருந்தால் அவள் அங்கேயே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பாள். "நீ போக்கா, நான் அடுத்த வருஷம் பாத்துக்கறேன்" என்றிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். ஆனால் தங்கை விட்டுக்கொடுத்து வந்த இடம் என்று சித்தி காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள், அம்மா தலையாட்டுவாள், நானும் சின்னவளைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தில் நன்றியை வரவழைத்துக்கொள்ள வேண்டும். அது எனக்கு வராது. தகுதியால் கிடைத்தால்தான் எனக்கு மதிப்பு.

அன்றே வீட்டில் பயிற்சியைத் தொடங்கினேன்.

முதலில் இந்த இடத்தில் "சதி" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். பெரிய வார்த்தை. நான் செய்ததெல்லாம் வாத்தியார் வகுப்பில் சொன்னதை வீட்டிலும் சொன்னதுதான். மணி இல்லாததால் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும்.

"அக்கா, தெரியாததைத் தெரியும்னு சொன்னா தப்பில்லையா?"

"நீ தப்பா ஒண்ணும் சொல்லல. தயங்காம சொல்ற, அவ்வளவுதான். தயங்கினா நோயாளி பயந்துடுவாங்க."

"ஓ. நான் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்ல" என்றாள். அவளிடம் ஒரு நல்ல குணம், காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வாள். அதுவும் நான் சொன்னால்.

காலையில் பல் தேய்க்கும்போது ஒரு கேள்வி, சாப்பிடும்போது ஒரு கேள்வி. "தெரி" என்று ஆரம்பித்தாலே டம்ளரில் ஒரு தட்டு. முதலில் சிரித்தாள். பிறகு தட்டும்முன்பே தோளைக் குறுக்கிக்கொள்ள ஆரம்பித்தாள். அம்மா டீயில் சர்க்கரை கலக்கும் சத்தத்துக்குக்கூட நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னடி பண்றே பிள்ளைய, கரண்டியை எடுத்தாலே தூக்கிவாரிப் போடுது" என்றாள் அம்மா. "படிக்கிறாம்மா" என்றேன். இடையில் ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் என்று நினைக்கிறேன். வெறும் தண்ணீர்ச் சத்தமாகவும் இருந்திருக்கலாம். உறுதியாகத் தெரியாததை எழுதக் கூடாது.

பயிற்சி நன்றாகவே பிடித்துக்கொண்டது. அம்மா கத்தரிக்கோலைக் காணவில்லை என்றால் சின்னவள் உள்ளிருந்தே "ரெண்டாவது டிராயர்ல, இடது பக்கம் பெரியம்மா" என்பாள். அங்கே இருக்காது. தெருவில் ஒருவர் தபால் நிலையத்துக்கு வழி கேட்டார். அவள் கையை நீட்டி, இரண்டு வளைவும் ஒரு பாலமும் சேர்த்து, அழகாகச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பாலமே கிடையாது. அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு, நம்பிக்கையோடு எதிர்த்திசையில் நடந்தார்.

"நல்லா சொன்னேனாக்கா?"

"ரொம்ப நல்லா. அந்தப் பாலம் அருமை."

பக்கத்து வீட்டுப் பூனைக்கு என்ன வயது, நாளைக்கு மழை வருமா, பஸ் போய்விட்டதா, எதைக் கேட்டாலும் பதில் வந்தது. வீட்டில் ஒரு வானொலி நிலையம் நடப்பதுபோல் இருந்தது. அம்மாவுக்குக்கூட அவள் மேல் மரியாதை வந்துவிட்டது. "ரெண்டு மாசத்துல எப்படித் தேறிட்டா பாரு. நீயும்தான் இருக்கே, எதைக் கேட்டாலும் யோசிச்சு யோசிச்சு" என்றாள்.

அவள் சொன்னதும் உண்மைதான். அந்த மாதங்களில் நான் வேறு ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று, "தெரியலை டாக்டர். பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிப் பார்த்தேன். எளிதாக வரவில்லை. சின்னவள் சொன்னால் கடைக்காரி சோப்பு இல்லை என்பதுபோல் இருக்கும். நான் சொன்னால் திருடன் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. முகத்தைத் தளர்த்தி, கைகளை மடியில் வைத்து, "பார்த்துட்டு" என்ற இடத்தில் லேசாகப் புன்னகைத்து, படிப்படியாகக் கொண்டுவந்தேன். அவளிடமிருந்து எடுத்தேன் என்று சொல்ல முடியாது. அவள் அதை விட்டுவிட்டிருந்தாள். கீழே கிடந்ததை எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாடி வீட்டு மாமா விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் மறைத்ததுபோல் ஆகிவிடும்.

அவர் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற வரைபடக்காரர். தனி ஆள். ரத்தக்கொதிப்புக்குக் காலையில் ஒரு மாத்திரை போடுபவர். அவருக்குச் சிறுநீர் சரியாகப் போகாமல் வேறொரு டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு காலையில் படியிறங்கி வந்து, வாசலில் நின்றிருந்த சின்னவளிடம் அட்டையைக் காட்டினார்.

"சின்ன டாக்டரம்மா, இதை ராத்திரி போடச் சொல்லியிருக்கார். நான் மறந்துபோறேன். காலையில அந்த மாத்திரையோடயே சேத்துப் போட்டுக்கலாமா?"

சின்னவள் அட்டையை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். அவள் உதடு பிரிந்து, பழைய வாக்கியம் வாய்க்குள் எழுவதை நான் பார்த்தேன். நான் உள்ளே மேஜையருகே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கையில் கரண்டி இருந்தது. தட்டினேனா என்றால், தட்டவில்லை. டம்ளரின் விளிம்பில் வைத்தேன். வைத்த சத்தம் கேட்டிருக்கும்.

"தாராளமா போடலாம் மாமா. இன்னும் நல்லது" என்றாள்.

அந்த மாத்திரையைப் படுக்கப் போகும்போது ஏன் போடச் சொல்கிறார்கள் என்பதும், ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் எப்படிச் சட்டென்று இறங்கும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சின்னவளுக்குத் தான் சொன்னது தப்பென்று தெரிந்துவிடும், அத்தனை நாள் பயிற்சியும் அந்த வாசலிலேயே கலைந்துவிடும். நேர்முகத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. மாமா எப்படியும் மறதிக்காரர், சேர்த்துப் போட வேண்டும் என்பதையும் மறந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறக்கவில்லை. மறுநாள் பால் வாங்க இறங்கியவர் நடுப்படியில் மயங்கி விழுந்தார். புருவம் கிழிந்தது. மணிக்கட்டு எலும்பு விலகியது. புருவத்துக்கு நானே தையல் போட்டேன். அவ்வளவு ஒழுங்கான தையல் அதற்கு முன் நான் போட்டதில்லை. தழும்பே தெரியாது.

"வயசாச்சும்மா, கால் தடுக்கிருக்கும்" என்றார் மாமா.

"ஆமா மாமா, படியில விளக்கு போதல" என்றேன். புது மாத்திரையை இனி ராத்திரிதான் போட வேண்டும் என்று அவரிடம் தனியாகச் சொன்னேன். அந்த அளவுக்கு எனக்கும் மனசாட்சி உண்டு. சின்னவளிடம் சொல்லவில்லை. அவள் மாமாவின் தலையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல, வழுக்கிட்டீங்க" என்று திடமான குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க நன்றாக இருந்தது. இனி பயிற்சி தேவையில்லை என்று அப்போது முடிவு செய்தேன்.

நேர்முகத்துக்குச் சின்னவளை முதலில் கூப்பிட்டார்கள். வராந்தா பெஞ்சில் நான் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கதவு மூடியிருந்தாலும் அவள் குரல் ஏற்ற இறக்கத்தோடு, நிற்காமல் கேட்டது. வெளியே வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம்.

"கொட்டாவி விடும்போது மட்டும் இதயத்துல கேக்குற முணுமுணுப்புச் சத்தம் பத்திக் கேட்டாங்கக்கா. நான் கேள்விப்பட்டதே இல்ல. ஆனா நீ சொன்ன மாதிரியே தயங்கல. நூத்துல எத்தனை பேருக்கு வரும்னுகூடச் சொல்லிட்டேன்."

"எத்தனை பேருக்கு?"

"ஏழு."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் உள்ளே போனேன்.

என்னிடம் தலைவர் கேட்டது, உள்ளங்கை சிவந்தவர்களுக்கு உப்புச் சுவை தெரியாமல் போகும் ஒரு நோய். நான் அவரைப் பார்த்தேன். கை மடியில் இருந்தது. முகம் தளர்ந்திருந்தது. "தெரியலை டாக்டர். பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றேன். கண்ணாடி முன் ஒருநாளும் அவ்வளவு நன்றாக வந்ததில்லை. ஒரு கணம் நான் சின்னவளாகவே இருந்தேன். சுகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் துறை அலுவலகத்துக்குப் போய், எல்லாப் புத்தகத்திலும் தேடினேன், அப்படி ஒரு நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் தேடவில்லை. தேவைப்படவில்லை.

இடம் எனக்குக் கிடைத்தது. அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். சித்தி போனில் "பெரியவளுக்குக் கிடைச்சதே போதும், எப்படி உழைச்சா" என்று சொல்லிவிட்டு அழுதாள். சின்னவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நூலகத்திலிருந்து வந்து, "அக்கா, அந்தக் கொட்டாவி முணுமுணுப்புன்னு ஒண்ணே இல்லையாம்" என்றாள்.

"அப்படியா" என்றேன்.

"உன்னைக் கேட்டதும் அப்படித்தானா? நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கண்டுபிடிக்கல. எனக்குத் தெரியல, அதான் தெரியலன்னேன்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். சந்தேகமோ என்று பயந்தேன். "நீ நிஜமாவே பெரிய ஆள்க்கா. எனக்குச் சொல்லிக்குடுத்தே, ஆனா உனக்குன்னு வரும்போது உள்ளதைச் சொன்னே" என்றாள். அவள் கண்ணில் மரியாதை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி இன்று நடந்தது.

எட்டாம் படுக்கையில் ஒரு வயதான தையல்காரர் இருக்கிறார். இதயம் பலவீனம், கால் வீக்கம். உடம்பில் தங்கிய நீர் போவதற்கு மாத்திரை கொடுக்கிறேன். வீக்கம் வடியவில்லை. நான் அளவைக் கூட்டிக்கொண்டே வந்தேன். தினமும் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பேன். "போட்டேம்மா" என்பார். குறித்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவேன். என் வார்டு சுற்று துறையிலேயே வேகமானது.

மதியம் சின்னவள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்ததால், தையல்காரரின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தாள். "கால் ரொம்ப கனக்குதா தாத்தா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. பிறகு அவர் பேசினார். மருமகளைப் பற்றி, பழைய தையல் மெஷினைப் பற்றி, காலர் தைக்கத் தெரியாத இந்தக் காலத்துப் பையன்களைப் பற்றி. அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கக் கேட்க எரிச்சலாக இருந்தது. வெகுநேரம் கழித்து அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கழிவறை வார்டின் அந்தக் கோடியில் இருப்பதையும், போகும் வழியிலேயே ஒருமுறை வேட்டி நனைந்துவிட்டதையும், மறுபடி அப்படி ஆகக் கூடாது என்று தான் செய்வதையும் சொன்னார். மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினார். நான் கூட்டிக்கூட்டிக் கொடுத்த மாத்திரைகள் எல்லாம் அதற்குள் பத்திரமாக இருந்தன.

திரைக்குப் பின்னால் தலைவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"நீ யாரும்மா?"

"இவங்க தங்கச்சி, டாக்டர். சாப்பாடு கொண்டுவந்தேன்."

"கொட்டாவி முணுமுணுப்பு. நூத்துல ஏழு பேரு."

சின்னவள் தலை குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு அங்க பேசினது நீயா, இங்க உக்காந்திருக்கிறது நீயா?"

சின்னவள் யோசித்தாள். "தெரியலை டாக்டர்" என்றாள். சோப்பு இல்லை என்பதுபோல், அதே மாதிரி.

தலைவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். "அடுத்த வருஷம் வா. வீட்டை மட்டும் மாத்திக்கோ" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "எட்டாம் படுக்கைக்குப் பக்கத்துல ஒரு சிறுநீர்ப் பாத்திரம் வைக்கச் சொல்லுங்க. அளவைப் பழையபடி குறைச்சிடுங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் விஷயத்தைச் சொல்லிக் குதித்தாள். பக்கத்துத் தெருவில் அறை பார்க்கிறாளாம். "அக்கா, இந்தத் தடவையும் நீதான் சொல்லிக்குடுக்கணும். போன தடவை நான்தான் சரியா பிடிச்சுக்கல" என்றாள். அம்மாவும், "செய்யேன்டி, உனக்குத்தான் இடம் கிடைச்சாச்சே, இனி உனக்கென்ன?" என்றாள்.

நியாயம்தான். இனி எனக்கு எதுவும் இல்லை. எந்த உள்நோக்கமும் இல்லாமல் உதவ முடிகிற நிலையில் இப்போதுதான் இருக்கிறேன். அவள் அடுத்த வருடம் எனக்குக் கீழே, அதே வார்டில் வேலைக்கு வரலாம். அதை நினைத்துத்தான் யோசிக்கிறேன். வார்டில் இருபது படுக்கை. ஒவ்வொருவரிடமும் இப்படி உட்கார்ந்து மருமகளையும் காலரையும் கேட்டுக்கொண்டிருந்தால் அவளால் தாக்குப்பிடிக்க முடியாது. தலைவர் ஒருநாள் சிரிப்பார், தினமும் சிரிக்க மாட்டார். அவள் நல்ல பெண். ஆனால் மிகவும் மெதுவானவள். அதை அவளிடம் எடுத்துச் சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நாளை: வார்டு முடிந்து மாலை ஆறு மணிக்குச் சின்னவளுக்கு வகுப்பு. நோயாளி பேசி முடிக்கும்முன் குறுக்கிட்டுப் பழக வைக்க வேண்டும்.